ரொட் மாற்றும்போது கரண்ட் அடித்தது: திருத்திய விதம்

கொழும்புப் புழுக்கத்தில், 200 அம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் பிளான்டில் ரொட் மாற்றும்போதெல்லாம் விரலில் சுருக்கென்று அடித்தது. ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. விழவும் விழாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப், 230 வோல்ட் பக்கத்துக் கசிவைத்தான் பார்க்கும். ரொட் பக்கத்துக்கு அது காவல் இல்லை. அங்கே ஆர்க், அதாவது ரொட் நுனித் தீ, எரியாத நேரத்தில் 60, 70 வோல்ட் நிற்கும். காய்ந்த தோலுக்கு அது பெரிதாகத் தெரியாது. வியர்வையில் ஊறிய கிளவுஸோடு ஈரச் சீமெந்தில் நின்றால் ஆளையே கொல்லும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, ரொட்டைப் பிடிக்கும் ஹோல்டரைப் பார்த்தேன். வாய்ப்பக்க மூடி வெடித்து, பித்தளை ஓர் அரிசியளவு வெளியே தெரிந்தது. டேப் சுற்றிச் சமாளிப்பது வீண், சூட்டில் இளகிவிடும். முழுதாக மூடிய 300 அம்பியர் ஹோல்டர் புதிதாகப் போட்டேன். ஹோல்டரை ஒட்டி 3 மீட்டருக்குள் ஒட்டுப்போட்ட கேபிளையும் வெட்டி எறிந்தேன்.

கரண்ட் பிளான்டுக்குத் திரும்பும் ஏர்த் கிளாம்ப், இரும்பின் பெயின்ட் மேல் கடித்திருந்தது. கிரைண்டரால் பளபளவென்று இரும்பு தெரியச் சுரண்டி, ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பூட்டினேன். தூரத்துக் கிரில்லில் கொளுவினால் கரண்ட் பெயாரிங், செயின் என்று கண்ட வழியில் ஓடும்.

தோல் கிளவுஸ் இரண்டு சோடி வேண்டும்: நனைந்தது வெயிலில், காய்ந்தது கையில். காலுக்கடியில் காய்ந்த பலகை. ஹோல்டரைக் கக்கத்தில் இடுக்குவது நம்மவர்களின் பழைய வியாதி. வியர்த்த கக்கம், பக்கத்திலேயே நெஞ்சு.