பழனி பாதயாத்திரைக்கு முன் தசையைத் தயார் செய்வது எப்படி? மைட்டோகாண்ட்ரியா கணக்கு

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கக் கிளம்புகிறவர்களில் பலர் கடைசி வாரத்தில்தான் பயிற்சி தொடங்குகிறார்கள். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா தசையில் பெருக அந்த அவகாசம் போதாது.

படி 1: ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். தசை சுருங்கும்போது செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது, ஆற்றலைத் தாங்கும் மூலக்கூறான ஏ.டி.பி. செலவாகி, அதிலிருந்து மிஞ்சும் ஏ.எம்.பி. உயர்கிறது. இவ்விரண்டும் பி.ஜி.சி.-1 ஆல்ஃபா என்ற புரதத்தை முடுக்கிவிடுகின்றன. அது உட்கருவின் மரபணுக்களை எழுப்ப, புதுப் புரதங்கள் வந்து சேர்ந்து, இருக்கிற மைட்டோகாண்ட்ரியாக்கள் வளர்ந்து பிரிகின்றன. அவற்றுக்குச் சொந்தமாக 37 மரபணுக்கள்தான். மற்றதெல்லாம் உட்கருவின் தயவு. 1967இல் ஜான் ஹொலோசி என்ற ஆய்வாளர் எலிகளைப் பல வாரம் ஓடவிட்டுப் பார்த்தபோது, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்பாடு ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது.

படி 2: வேகம். ஆட்கள் இடறுவது இங்கேதான். சாப்பிட்டபின் கைபேசியோடு உலாத்துவதும் போதாது, முதல் நாளே ஓடி மறுநாள் படுத்துக்கொள்வதும் ஆகாது. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். நடுவில் மூச்சு முட்டினால் குறையுங்கள். பாட்டே பாட முடிந்தால் கூட்டுங்கள். 'அரோகரா' சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது. அதை எந்த மூச்சிலும் சொல்லிவிடலாம்! கூட்டாளி வேகமானவர் என்றால் அவரைப் போகவிடுங்கள்.

இதயத்துடிப்பு காட்டும் கடிகாரம் வேண்டாம் என்பது என் கட்சி. அதிகபட்ச இதயத்துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு வெறும் சராசரி; ஆளுக்கு ஆள் நன்றாகவே மாறும். நிமிடம் பார்க்கச் சாதாரணக் கடிகாரம் போதும்.

படி 3: வெயில் ஏறுமுன் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள். ஊருணிக் கரை நல்ல இடம்.

படி 4: மூன்றாம் வாரத்திலிருந்து, வாரம் ஒரு நாள் மட்டும் குன்றக்குடி மலைக்கோயில் படிகளில் விறுவிறுவென ஏறி, நிதானமாக இறங்குங்கள். முழங்கால் வலியோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை: இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்கள். சில வாரங்களிலேயே கூடியது குறையத் தொடங்கும். மறுபடி நடந்தால் மறுபடி கூடும்.

காவடி எடுப்பவர் ஒருவர், கால் தாங்கியது, தோள்தான் விட்டுவிட்டது என்றார். இந்த மாற்றம் உழைக்கிற தசையில்தான் நடக்கும். கால் நடந்ததற்குத் தோளில் மைட்டோகாண்ட்ரியா கூடாது. காவடிக்காரர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தோளில் சுமை வைத்து நடந்து பழகுங்கள்.