பத்தாம் அடுக்கைக் கண்டு மிரள வேண்டாம்: ஒரு ஐஐடி நுழைவுத் தேர்வுக் கணக்கு

2011ஆம் ஆண்டு ஐஐடி நுழைவுத் தேர்வில் வந்த இந்தக் கணக்கு, 2015இல் ஜேஇஇ மெயின் தேர்விலும் வந்தது. மாறியை ய என்றும், வினாத்தாளில் ஆல்ஃபா, பீட்டா என்றிருந்த மூலங்களைக் க, த என்றும் இங்கே எழுதுகிறேன்.

ய² − 6ய − 2 = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள் க, த. இவற்றில் க பெரியது. வ₁₀ என்பது க¹⁰ − த¹⁰. வ₉, வ₈ ஆகியவையும் அவ்வாறே. அப்படியானால் (வ₁₀ − 2வ₈) ÷ (2வ₉) எவ்வளவு?

சூத்திரத்தில் போட்டால் மூலங்கள் 3 + √11, 3 − √11 என்று வரும். பலரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள். √11ஐப் பத்தாம் அடுக்குவரை இழுத்துச் செல்லத் தேர்வில் நேரம் கிடையாது. மூலங்களைக் கண்டுபிடிக்கவே வேண்டாம்.

படி 1. மூலம் என்றால் என்ன? சமன்பாட்டில் இட்டால் அதை நிறைவு செய்யும் எண். ஆகவே க² − 6க − 2 = 0, அதாவது க² − 2 = 6க. கணக்கின் உயிர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கேட்ட கோவையில் 10, 9, 8 என்று அடுத்தடுத்த அடுக்குகள் இருப்பதைப் பாருங்கள்; நம் வரியில் 2, 1, 0 இருக்கின்றன. இடைவெளி எட்டு.

படி 2. எனவே இருபுறமும் க⁸ஆல் பெருக்குங்கள்: க¹⁰ − 2க⁸ = 6க⁹. இதேபோல் த¹⁰ − 2த⁸ = 6த⁹.

படி 3. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள்: வ₁₀ − 2வ₈ = 6வ₉.

படி 4. 2வ₉ஆல் வகுத்தால் விடை 3. வகுக்கும் முன் வ₉ பூச்சியம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். க > த, அடுக்கு ஒற்றைப்படை. எனவே க⁹ > த⁹. இந்தச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள்.

சிறிய அடுக்குகளில் சரிபார்ப்போம். வ₁ = 2√11, வ₂ = 12√11, வ₃ = 76√11. (வ₃ − 2வ₁) ÷ (2வ₂) என்பதில் √11 அடிபட்டுப் போகும்: (76 − 4) ÷ 24 = 3. பொருந்துகிறது.

இனி நீங்கள்: ய² − 4ய + 1 = 0இன் மூலங்கள் க, த. இம்முறை கூ₇ என்பது க⁷ + த⁷ என்ற கூட்டல். (கூ₇ + கூ₅) ÷ கூ₆ என்ன? கழித்த இடத்தில் கூட்டுங்கள். விடை 4 வர வேண்டும்.