பிளைவுட் படகுக்கு எப்பாக்ஸியும் கண்ணாடியிழைத் துணியும்

நம் கரையோரத்து ஃபைபர் படகுகள் பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசினில் செய்யப்படுபவை. அந்த வேலையில் கைபழகியவர்கள் பிளைவுட் படகின் மேல் கண்ணாடியிழைத் துணி ஒட்ட எப்பாக்ஸி ரெசினுக்கு வந்ததும் செய்கிற முதல் தவறு, சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை, அதாவது ரெசினை இறுகவைக்கக் கலக்கும் இரண்டாம் பாகத்தை, கூட்டி ஊற்றுவது. பாலியஸ்டரில் கலப்பது வினையூக்கி. ஒன்றிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள் கூட்டிக் குறைக்கலாம். எப்பாக்ஸியில் ஹார்டனர் ரெசினோடு பிணைந்து அதன் பகுதியாகிவிடுகிறது. அளவு தப்பினால் மிஞ்சியது இறுகாமல் உள்ளேயே கிடக்கும். எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

மேட், அதாவது நெய்யாமல் வெட்டிய கண்ணாடியிழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு, அதையும் ஒதுக்குங்கள். சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. மேட் விறைப்பாகவே நின்று வளைவுகளில் தூக்கிக்கொள்ளும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த துணி போதும்.

ஐ.எஸ். 710 தர 6 மி.மீ. மரைன் பிளைவுட்டில் கட்டிய 12 அடித் துடுப்புப் படகை எடுத்துக்கொள்வோம். வெளிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். மரத்துக்கு முதல் பூச்சு சதுர மீட்டருக்கு 100 கிராம், துணி நனைய 250, மேலே இரண்டு பூச்சுக்கு 125 வீதம். மொத்தம் 3.6 கிலோ. சேதாரம் சேர்த்து நாலரை கிலோ கலவைக்குத் திட்டமிடுங்கள்.

விகிதம் டப்பாவில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே அளக்கவும். எடை விகிதமா, கன அளவு விகிதமா என்று பார்ப்பது முக்கியம். ரெசினும் ஹார்டனரும் ஒரே அடர்த்தி கொண்டவை அல்ல. உதாரணமாக, லேப்பாக்ஸ் என்ற பிராண்டின் எல்-12 ரெசினுக்கு கே-6 ஹார்டனர் எடையில் 100க்கு 10. 200 கிராம் ரெசினுக்கு 20 கிராம்தான். அதில் 2 கிராம் தவறினாலே பத்து சதவீதப் பிழை. 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இறங்க வேண்டாம். ஓரத்தையும் அடியையும் வழித்துவிட்டு இரண்டு நிமிடமாவது கலக்கவும். ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் கலக்காமல், உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள். குவளையில் குவிந்து நின்றால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால், கலவை இறுகுமுன் பூசக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். நம் ஊர் வெயிலுக்கு மெதுவாக இறுகும் ஹார்டனரே நல்லது.

மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பலகைகள் சேரும் உள்மூலைகளைச் சிலிக்காவும் சலித்த மரத்தூளும் கலந்த எப்பாக்ஸியால் நிரப்பி, சுமார் 25 மி.மீ. ஆர வளைவாக வழிக்கவும். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்பது சரியான பதம். வெளிமுனைகளைக் குறைந்தது 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள், கூர்முனையில் துணி படியாது. பிறகு 80 நம்பர் உப்புத்தாள்.

முதல் பூச்சு மாலையில், நிழலில். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துளைக் காற்று விரிந்து ரெசினைக் கொப்புளமாகத் தள்ளும்; மாலையில் மரம் குளிர்ந்து ரெசினை உள்ளிழுக்கும். மறுநாள் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் இருக்கும். அது கரைவது தண்ணீரில்தான். ஸ்க்ரப்பர் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகே தேய்க்கவும். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அந்த மெழுகை மேற்பரப்பிலேயே அழுத்திப் பரப்பும், அடுத்த பூச்சு ஒட்டாது.

துணியைக் காய்ந்தபடியே விரித்துச் சுருக்கம் நீக்குங்கள். ஏரா (படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் கட்டை) மேல் இருபக்கத் துணியும் 50 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். மணலில் இழுக்கும்போது தேய்வது அந்த இடம். நடுவில் ஊற்றி, பிளாஸ்டிக் பட்டித் தகட்டைச் சாய்த்துப் பிடித்து ஓரம் நோக்கித் தள்ளவும். நனைந்த துணி கண்ணுக்கு மறைந்து மரம் தெரியும். வெள்ளையாக நின்றால் ரெசின் போதவில்லை. பளபளத்தால் அதிகம், துணி மிதக்கிறது, அதை வழித்தெடுங்கள். நெசவின் வரி மங்கலாகத் தெரிய வேண்டும். இருபது நிமிடம் கழித்து இன்னொரு முறை சுற்றிப் பாருங்கள். தாகமுள்ள மரம் அதற்குள் சில இடங்களை உறிஞ்சியிருக்கும்.

சில மணி நேரத்தில் தோல் போல இறுகியதும் தொங்கும் ஓரங்களைப் புதுப் பிளேடால் அறுக்கலாம். முழுதாக இறுகினால் அரம்தான். விரல் வைத்தால் ஒட்டி, ஆனால் ரெசின் கையோடு வராத நிலையிலேயே அடுத்த பூச்சுகளைக் கொடுத்தால் அவை ஒன்றாகப் பிணையும், கழுவலும் தேய்ப்பும் மிச்சம். அந்த நேரம் தாண்டினால் இரண்டையும் செய்தே ஆக வேண்டும்.

நைட்ரைல் கையுறை கட்டாயம். தோலில் பட்டதைத் தின்னரால் துடைக்காதீர்கள், அது ரெசினை உள்ளே இறக்கும். சோப்பும் தண்ணீரும் போதும். அரைகுறையாக இறுகிய எப்பாக்ஸித் தூள் மிகவும் கெடுதல். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு இந்த வேலையே செய்ய முடியாமல் போகலாம். கடைசித் தேய்ப்பை ஒரு வாரம் கழித்து, முகக்கவசத்தோடு, இழையை அறுக்காமல் செய்யவும். எப்பாக்ஸி வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. மஞ்சளாகி, சுண்ணாம்பாக உதிரும். இரு கூறு பாலியூரித்தேன் பெயிண்ட் பூசிய பிறகே படகை வெளியே நிறுத்துங்கள்.