பர்மாவில் குடியுரிமை அட்டை: நம்மவர் செய்யும் தவறுகள்

இங்கே குடியுரிமை அட்டை மூன்று நிறத்தில் வரும்: முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடிமக்களுக்கு நீலம், மனுச் செய்து குடியுரிமை பெற்றவர்களுக்குப் பச்சை. பச்சை அட்டைக்காரரை "அண்மையில் வந்தவர்" என்று நினைப்பது பெரிய தவறு. ஒரே கப்பலில் ரங்கூனுக்கு வந்த அண்ணன் தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனுப் போட்டார். முடிவு வருவதற்குள் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. அவருக்கு உரியது நீல அட்டை. தம்பி மனுவே போடவில்லை. 1948 ஜனவரி 4-க்கு முன்பே இங்கே குடியிருந்ததைக் காட்டி மனுச் செய்தால் அவருக்குப் பச்சை. நிறம் சொல்வது தாத்தா கொடுத்த காகிதத்தைப் பற்றி மட்டுமே. சம்பந்தம் பேசும்போதுகூட அதை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்.

பெயர்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நீல அட்டைக்காரருக்கு ஆங்கிலத்தில் "அசோசியேட்" (இணை) என்று மென்மையாக வருவது பர்மியத்தில் "எ நைங்ஙன்தா", அதாவது விருந்தாளிக் குடிமகன். அட்டை எண்ணின் அடைப்புக்குறிக்குள்ளும் அதே "எ" நிற்கிறது. முழுக் குடிமகனுக்கு "நைங்", பச்சைக்கு "ப்யூ". இந்த ஓர் எழுத்தைப் பார்த்ததுமே எதிரில் இருப்பவர் இவர் வெளியாள் என்று முடிவுகட்டிவிடுகிறார். இந்த முன்முடிவைச் சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

பழைய மூன்று மடிப்பு அட்டையோடு குழப்பிக்கொள்வோரும் உண்டு. அதில் ஆண்களுக்குப் பச்சை, பெண்களுக்கு இளஞ்சிவப்பு. பெட்டியில் தாத்தாவின் பச்சை அட்டை கிடைத்தால் "ப்யூ" என்று ஒதுக்கிவிடாதீர்கள், பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது, "நமக்கு எப்போதும் இதுதான்" என்று பேரப்பிள்ளைக்கும் பச்சையே கேட்பது. 1982 சட்டத்தின் 7-ஆம் பிரிவைப் படியுங்கள். பெற்றோர் இருவரும் மூன்று வகைகளில் ஏதோ ஒன்றில் இருந்து, அவர்களில் ஒருவருடைய அம்மா அப்பா இருவரும் நீலமோ பச்சையோ வைத்திருந்தால், பிள்ளை முழுக் குடிமகன். இதற்குத் தாத்தா பாட்டி அட்டைகளும் வீட்டுப் பட்டியலும் கையில் இருக்க வேண்டும். இதை விட்டால் அவருடைய பிள்ளைகளுக்கும் நட்டம் பெரிது: 2008 அரசியலமைப்பின் 120-ஆம் பிரிவின்படி, தாய் தந்தை இருவருமே குடிமக்களாக இருந்தால்தான் பிள்ளை நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முடியும்.

லவக (குடிவரவுத் துறை) அலுவலகத்தில் அட்டை வாங்கியதும் இனம், மதம் எழுதிய வரியை அங்கேயே நின்று வாசியுங்கள். பர்மியம் வாசிக்கத் தெரியாத பெரியவர்களோடு ஒரு பிள்ளையை அனுப்புங்கள். தவறாக விழுந்த சொல் பிள்ளைகளின் அட்டைக்கும் போய்ச் சேரும்.