அசிமோனியா சிலந்தியை வகைப்படுத்துவது எப்படி

தாவும் சிலந்திகளின் குடும்பமான சால்டிசிடேயில் 6,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒரு பேரினம் அசிமோனியா. இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வாழும் இந்த மெல்லிய சிலந்தியை முதன்முதலில் இலங்கை மாதிரிகளைக் கொண்டு 1869-இல் ஆங்கிலேயச் சிலந்தி ஆய்வாளர் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ் விவரித்தார். அந்தச் சிற்றினமான அசிமோனியா டெனுயிபெஸ் தென்னிந்தியாவிலும் காணப்படுகிறது.

எத்தனாலில் இட்டவுடன் உடலின் இளம்பச்சை வெளுத்துவிடும் என்பதால், சிலந்தி உயிருடன் இருக்கும்போதே 10 மடங்கு கைலென்ஸால் கண்களைப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான தாவும் சிலந்திகளில் எட்டுக் கண்களும் மூன்று வரிசைகளில் இருக்கும். இதிலோ முன்பக்க ஓரக் கண்கள் பெரிய நடுக் கண்களுக்குப் பின்னால் மேலேறி நிற்பதால் நான்கு வரிசைகள் தெரியும். மூன்றாம் வரிசையின் சிறு கண்கள் உள்நோக்கி நெருங்கியிருக்கும். சற்றுப் பொறுமையாகக் கவனித்தால், பெரிய கண் ஒன்று கருமையிலிருந்து வெளிறி மீண்டும் கருமையாவதைக் காணலாம். வில்லை அசையாமல் நிற்க, அதன் பின்னுள்ள விழித்திரைக் குழாய் மட்டும் திரும்புவது தலையின் கண்ணாடி போன்ற தோல் வழியே நமக்குத் தெரிகிறது.

நான்கு வரிசையைக் கண்டதும் லிசோமேனினே என்ற துணைக்குடும்பம் என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான பிழை. பழைய நூல்கள் அப்படித்தான் அமெரிக்காவின் லிசோமேனஸ், ஆசியாவின் ஒனோமாஸ்டஸ், அசிமோனியா ஆகிய மூன்றையும் ஒரே கூடையில் போட்டன. டி.என்.ஏ. ஆய்வுகள் அந்தக் கூடையைக் கலைத்துவிட்டன. 2015-இல் சிலந்தி ஆய்வாளர் மேடிசன் வெளியிட்ட வகைப்பாடு குடும்பத்தை ஏழு துணைக்குடும்பங்களாகப் பிரித்து, அசிமோனியாவை கொலீபா, மேகோபியஸ், பாண்டிசஸ் ஆகியவற்றுடன் அசிமோனினேயில் வைத்தது. ஒனோமாஸ்டஸுக்கு ஒனோமாஸ்டினே தனியே அமைந்தது. ஆகவே கண் அமைப்பைத் தேடலின் தொடக்கமாக மட்டும் கொள்வதே நல்லது.

அடுத்த வேலை நுண்ணோக்கியின் கீழ். பெண்ணின் பெடிபால்ப் (வாயருகே உள்ள சிறு கால் போன்ற உறுப்பு) நுனியில் சிறு உகிர் இருக்கிறதா என்று பாருங்கள். மிகப் பெரிய துணைக்குடும்பமான சால்டிசினே அதை இழந்துவிட்டது. இருந்தால் அந்தப் பெருங்கூட்டம் முழுவதையும் ஒதுக்கிவிடலாம். ஆணில் பெடிபால்ப்பின் நுனிக் குமிழை மட்டும் பார்த்து நிறுத்தாமல், தொடைக்கணுவிலுள்ள நீட்சிகளையும் வரைந்துகொள்ள வேண்டும். இந்தப் பேரினம் குறித்து ஆய்வாளர் வான்லெஸ் 1980-இல் செய்த மறுஆய்வோடு ஒப்பிட அவை மிகவும் பயன்படும். பெண்ணின் இனப்பெருக்கத் தகட்டைக் கிராம்பு எண்ணெயில் ஊறவிட்டால் உள்ளே உள்ள குழாய்கள் புலப்படும்.

முதிராத சிலந்தியில் இந்த இனப்பெருக்க உறுப்புகள் முழுமையாக உருவாகியிரா. அப்போது பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், நிறத்தை வைத்துச் சிற்றினம் சொல்வது ஊகமே. பின்னாளில் டி.என்.ஏ. எடுக்க ஒரு காலை 95 சதவீத எத்தனாலில் தனியே வையுங்கள். இடம், தேதி, செடியின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டிக்கு உள்ளேயே போடுங்கள்; பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.