ஆடு மாடு வைத்திருப்பவர் வாங்கும் முதல் மினி டிராக்டர்

டிராக்டர் வாங்கப் போகிறேன் என்று வாயெடுத்தாலே எல்லோரும் கேட்பது "எத்தனை எச்.பி.?" என்றுதான். ஆடு மாடு வைத்திருக்கிறவருக்கு அது இரண்டாவது கேள்வி. நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் உழவு என்பது வருஷத்தில் எத்தனை நாள் சொல்லுங்கள். ஆடி ஆவணியில் புழுதி உழவு, மழைக்கு முன்னால் நெல் விதைப்பு, மிளகாய் போடுகிறவர்களுக்கு இன்னும் சில நாள், அதோடு சரி. ஆனால் தண்ணீர், தீவனம், எரு மூன்றையும் தினமும் இழுத்தாக வேண்டும். ஆகவே நீங்கள் வாங்கப் போவது முதலில் ஒரு இழுவை வண்டி, உழவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஷோரூம் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு பழைய நோட்டை எடுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு எடையை எங்கிருந்து எங்கே கொண்டு போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஐந்து கறவை மாடு, நாற்பது ஆடு என்று வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் மாடு ஒன்றுக்கு 70 லிட்டர், ஆடு ஒன்றுக்கு 5 லிட்டர் என்று போட்டாலே குடிக்க மட்டும் 550 லிட்டர் ஆகிவிடும், கொட்டகை கழுவுவது தனி. மாட்டுக்கு 25 கிலோ பசுந்தீவனம், ஆட்டுக்கு 3 கிலோ என்றால் கோ 5 புல்லோ சோளத்தட்டையோ ஏறக்குறைய 250 கிலோ. சாணியும் புழுக்கையும் வாரத்துக்கு ஒரு நடை. ஆக, எந்த ஒரு நடையும் ஒரு டன்னைத் தாண்டத் தேவையில்லை. இந்தக் கணக்கு கையில் இருந்தால், 45 எச்.பி. வண்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறவரிடம் நீங்கள் தெளிவாகப் பேசலாம்.

அடுத்து எடை. இங்கே நிறையப் பேர் தவறிவிடுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன். முதலில் நான் வாங்கியது பழைய 15 எச்.பி. டூ வீல் டிரைவ் வண்டி, அதாவது பின் சக்கரம் இரண்டு மட்டும் இழுப்பது, விலை குறைவு என்பதற்காக. ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்த டிரெய்லரை மாட்டி, பாதித் தண்ணீரைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு மீதியோடு கண்மாய்க் கரையில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த கரிசல் மண், வழுக்கல். பாதி நிறைந்த டேங்க்கில் தண்ணீர் முன்னால் பாய்ந்து மோதும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னாலிருந்து யாரோ முட்டித் தள்ளியது போல வண்டி குலுங்க, பயத்தில் கிளட்சை மிதித்துவிட்டேன். அவ்வளவுதான், இன்ஜினின் பிடிமானம் எல்லாம் போய் டிரெய்லர் டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கித் தள்ளியது. ஒரு பனைமரம் தடுத்ததால் கவிழவில்லை. மட்கார்டில் வழக்கமாக உட்கார்ந்து வரும் அண்ணன் மகன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தான். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

அதிலிருந்து நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு இது: டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், டிரெய்லரும் சுமையும் சேர்ந்து டிராக்டரின் சொந்த எடையைத் தாண்டக் கூடாது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் மட்டுமே ஒரு டன், மினி டிராக்டர்கள் பலவற்றின் எடை அதைவிடக் குறைவு. எனவே 500 லிட்டர் டேங்க் வைத்து இரண்டு நடை அடியுங்கள், டீசல் கொஞ்சம் கூடப் போனால் போகட்டும். தண்ணீர் பாய்ந்து மோதாமல் இருக்க டேங்க்கின் உள்ளே குறுக்குத் தகடு வைத்துத் தரச் சொல்லி வெல்டிங் பட்டறையில் கேளுங்கள். சரிவில் இறங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு மாறிவிட வேண்டும், பாதி வழியில் கிளட்சைத் தொடக் கூடாது. ரோட்டில் போகும்போது இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுற்றிவிடும். வாங்கும்போதே ஆயில் பிரேக், அதாவது பிரேக் தகடுகள் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கிற மாடலாகப் பாருங்கள். சேறு, மணல், தண்ணீர் என்று புழங்குகிற நமக்கு அது ரொம்ப நாள் தாங்கும்.

சரி, எச்.பி.க்கு வருவோம். மேலே சொன்ன அளவு பண்ணைக்கு 20 முதல் 25 எச்.பி. வரை போதும். ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ் 215 போன்றவை 15 எச்.பி., ஒற்றை சிலிண்டர், பராமரிப்பு எளிது. தென்னந்தோப்புக்குள் களை ஓட்டவும் தீவனம் ஏற்றவும் சரிவரும், ஆனால் மணலில் சுமையோடு இழுக்கும்போது திணறும். அதற்கு மேலே ஃபோர் வீல் டிரைவில் குபோடா நியோஸ்டார் ஏ211என் 21 எச்.பி., மஹிந்திரா ஜீவோ 245 என்பது 24 எச்.பி. என்று இருக்கின்றன, இரண்டுமே பின்னால் மாட்டும் கருவியை 750 கிலோ வரை தூக்கும் லிஃப்ட் உள்ளவை. வி.எஸ்.டி., கேப்டன், சோனாலிகாவிலும் இந்த அளவில் வண்டி உண்டு. பெயரைவிட முக்கியம், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் ஆள் இருக்கிறார் என்பது. உச்சிப்புளியிலோ சாயல்குடியிலோ இருந்துகொண்டு, ஒரு ஃபில்டருக்கு மதுரை வரை போக வேண்டிய வண்டியை வாங்கினால் அது நின்றுபோகிற நாளில் மாடுகளுக்குத் தண்ணீர் யார் கொண்டு வருவது? ஏற்கெனவே அதே மாடலை வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப்போய், கடைசியாக எப்போது பழுதானது, எத்தனை நாளில் ஆள் வந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் உண்மையான விளம்பரம்.

டூ வீலா ஃபோர் வீலா என்று என்னிடம் கேட்டால், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிலம் இருக்கிறவர்கள் கடன் கொஞ்சம் கூடினாலும் ஃபோர் வீலே எடுங்கள் என்பேன். பெரியபட்டினம் பக்கத்து மணல் வேறு, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் வேறு, ஆனால் இரண்டுமே சின்ன வண்டியை மாட்டிவிடும். தார்ச்சாலை ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் முன் டயர் சீக்கிரம் தேயும். டெமோ காட்டுகிறோம் என்றால் ஷோரூம் வாசலில் வேண்டாம், என் தோட்டத்துக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி, உங்கள் டிரெய்லரை மாட்டி, உங்கள் சுமையை ஏற்றி, இருக்கிற இடத்திலேயே மோசமான மணலில் ஓட்டிப் பாருங்கள். கொட்டகை வாசலில் திரும்புகிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

கருவிகளில் முதல் வருஷம் டிரெய்லர், ஐந்து கொத்துக் கலப்பை, கொட்டகை முற்றத்துச் சாணியைத் தள்ள ஒரு பின் பிளேடு, இவை போதும். மண்ணைப் பொடியாக்கும் ரோட்டாவேட்டர் பிறகு வாங்கலாம், அகலம் மூன்றடி நாலடிக்கு மேல் வேண்டாம். வைக்கோல் கட்டுகிற பேலர்கள் பெரும்பாலானவற்றுக்கு இந்த வண்டிகளின் சக்தி போதாது, தை மாசி அறுவடையில் வாடகைக்குக் கட்டிக்கொள்வதுதான் லாபம். பெரிய உழவுக்கும் அப்படித்தான். வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு டிராக்டர் கிடைக்கிறது. ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகளைக் கூப்பிட்டு, ஒரு வாரம் ஆடுகளை இரவில் வயலிலேயே அடைத்துக் கிடை போட்டுவிட்டால் எரு இழுக்கிற வேலையில் பாதி குறைந்துவிடும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்றே இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று சீமைக்கருவேல முள். மினி டிராக்டரின் முன் டயர் சின்னது, அந்த அளவு டியூப் எல்லாக் கடையிலும் கிடைக்காது. வாங்கும் அன்றே கூடுதலாக ஒரு டியூப் கேட்டு வாங்கிவிடுங்கள், தினமும் போகிற தடத்தில் முள் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று உப்புக்காற்று. இரண்டு வருஷம் வெளியில் நின்ற வண்டியின் அடியில் கையை விட்டால் துரு உதிர்ந்து உள்ளங்கை சிவந்துவிடும். கடல் பக்கம் ஓலைத் தடுப்பு வைத்து ஷெட் போடுங்கள். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உவர் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பேட்டரி முனைகளில் கிரீஸ் தடவி வையுங்கள். ரேடியேட்டரில் கூலண்ட் மட்டும்தான், அவசரத்துக்குக்கூடக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். வைக்கோல் தூசி ரேடியேட்டர் வலையில் அடைத்துக்கொள்ளும், அதையும் அவ்வப்போது தட்டிவிட வேண்டும்.

பழைய வண்டி என்றால் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்து சூடான பிறகும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆயில் குச்சியில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கலப்பையை மாட்டித் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் கலப்பை தரையைத் தொட்டிருந்தால் லிஃப்டில் செலவு இருக்கிறது. ஆர்.சி.யில் கடன் பாக்கி பதிவு நீங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம்.

புதுசு என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, விலைப் பட்டியலில் அதைச் சரிபாருங்கள். மானியம் வேண்டுமென்றால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் பட்டா, சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்றோடு போய், மானியப் பட்டியலில் உள்ள மாடல்கள் எவை என்று முதலில் கேளுங்கள். அனுமதி கைக்கு வருவதற்கு முன்னால் வண்டியை எடுத்துவிட்டு, பிறகு மானியம் கேட்டு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டி வீட்டுக்கு வரும் அன்று பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு முன்னால் பின்பக்கம் போய், பி.டி.ஓ. தண்டுக்கு மேல் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அது இன்ஜின் சக்தியைத் தீவனம் வெட்டுகிற மெஷின் போன்ற கருவிகளுக்குக் கொடுக்க நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிற தண்டு. கைலி நுனியோ சேலை முந்தானையோ சிக்கினால் கை போட்டு இழுக்கக்கூட நேரம் இருக்காது. தீவனம் வெட்டுகிற இடத்தில் நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். மூடி இல்லையென்றால் டீலரிடம் கேட்டு வாங்கி மாட்டிய பிறகே அந்தத் தண்டில் எதையும் இணைக்க வேண்டும்.