முட்டி வலியோட மலேரியா இருக்கற ஊருக்குப் போறவங்களுக்கு

அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், அவங்கள மலேரியா இருக்கற ஊருக்கு கூட்டிட்டுப் போய் நல்லபடியா வந்தாச்சு, செஞ்சத அப்படியே வரிசையா சொல்றேன்.

முதல்ல, கிளம்ப ஒரு மாசம் இருக்கும்போதே டாக்டரப் பாருங்க, ஏன்னா மலேரியா வராம தடுக்கற மாத்திரைல மெஃப்ளோகுயின் எழுதினா 2-3 வாரம் முன்னாடியே வாரம் ஒண்ணுன்னு ஆரம்பிக்கணும். டாக்ஸிசைக்ளின் திரும்பி வந்தும் 4 வாரம் போடணும். எனக்குப் பிடிச்சது அட்டோவாக்வோன்-ப்ரோகுவானில்தான், 1-2 நாள் முன்னாடி ஆரம்பிச்சு தினமும் சாப்பாட்டோட ஒண்ணு, வந்தப்புறம் 7 நாளோட முடிஞ்சுது. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடறவங்க டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க, இதோட சேராது.

முட்டிக்கு, தொடை தசைய பலப்படுத்தணும். மல்லாந்து படுத்து, ஒரு கால மடக்கி, இன்னொண்ண நீட்டமா ஒரு அடி தூக்கி 5 எண்ணி மெல்ல இறக்குங்க, காலுக்கு 10 தடவ. தடி எடுத்தா வலிக்கற காலுக்கு எதிர்ப்பக்க கையில பிடிக்கணும்.

இப்ப நான் மாட்டிக்கிட்ட இடம். மலேரியாவ பரப்பற அனாஃபிலிஸ் கொசு பொழுது சாயறதுல இருந்து விடியற வரைக்கும் கடிக்கும், அம்மா முட்டிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவறதும் அதே சாயந்திர நேரம். ஜெல் ஈரம் காயல, அது மேலயே டீட் கலந்த கொசு க்ரீம தேய்ச்சுட்டேன், ராத்திரி முட்டி செவந்து போய் எரியுதுன்னு அம்மா தூங்கவே இல்ல. ரெண்டையும் ஒரே இடத்துல போடாதீங்க. மறுநாள்ல இருந்து ஜெல் போட்டு, கைய கழுவி, நல்லா காஞ்சதும் தொளதொள பேன்ட், க்ரீம் கணுக்கால், பாதம், கை, கழுத்துக்கு மட்டும். டீட் 30 சதவீதம் வாங்குங்க, 10 சதவீதம்லாம் சீக்கிரமே விட்டுடும். சன்ஸ்கிரீன் போட்டா அது முதல்ல, க்ரீம் அப்புறம். பெர்மெத்ரின்ங்கற கொசு மருந்து ஏத்தின கொசு வலைய மெத்தைக்கு அடியில சொருகிடுங்க.

பின்சேர்க்கை: வலிக்கு தினமும் பாரசிட்டமால் போடலாமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. டாக்டர் சொன்ன அளவுல போடலாம், ஆனா அது காய்ச்சலையும் அமுக்கிடும், ஐபுப்ரோஃபெனும் அப்படித்தான். அதனால தினமும் மாத்திரைக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க. காய்ச்சலோ குளிர் நடுக்கமோ தலவலியோ வந்தா, மலேரியா மாத்திரைய ஒழுங்கா போட்டிருந்தாலும், திரும்பி வந்து 3 மாசம் ஆகியிருந்தாலும், எங்க போயிட்டு வந்தீங்கன்னு சொல்லி அன்னைக்கே ரத்தப் பரிசோதன பண்ணிடுங்க.